வாடகைதாரர் தவறவிடும் நாட்கள்: வாசகர் சட்டக் கேள்வி பதில்

வீட்டையும் கடையையும் காலி செய்யச் சொல்லும் வழக்குகளைப் பற்றி இம்முறை பல கடிதங்கள் வந்துள்ளன. ஏறக்குறைய எல்லாரும் கேட்டிருப்பது "என் பக்கம் நியாயம் இருக்கிறதா?" என்பதைத்தான். ஆனால் கடிதத்தோடு இணைத்து அனுப்பிய நகல்களைப் புரட்டினால், நியாயத்தை நீதிமன்றம் கேட்கும் கட்டத்துக்கு முன்பே ஏதோ ஒரு தேதியிலோ, தவறான இடத்தில் போட்ட ஒரு மனுவிலோ, கட்டாமல் விட்ட வாடகையிலோ வழக்கு சாய்ந்திருப்பது தெரிகிறது. ஆகவே இந்த முறை பதில்கள் நடைமுறையைப் பற்றியே இருக்கும். கடிதங்களைச் சுருக்கி, பெயர்களை நீக்கியிருக்கிறோம்.

*

கேள்வி: கும்பகோணத்தில் ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தமான கட்டடத்தில் 22 ஆண்டுகளாக அச்சகம் நடத்துகிறேன். 2018-இல் அவர்கள் உரிமையியல் நீதிமன்றத்தில் என்னை வெளியேற்ற வழக்குப் போட்டிருக்கிறார்கள். எனக்கு சம்மன் வரவேயில்லை. 2021 ஆகஸ்ட் 12 அன்று ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது. 2023 ஜூன் 5 அன்று நீதிமன்ற ஊழியரான அமீனா வந்து நின்றபோதுதான் விஷயமே தெரிந்தது. ஜூன் 20-இல் வக்கீல் வைத்து, தீர்ப்பை ரத்து செய்யவும் 647 நாள் தாமதத்தை மன்னிக்கவும் மனுப் போட்டேன். சென்ற மாதம் தாமத மனு தள்ளுபடியாகிவிட்டது. இனி வழி உண்டா?

பதில்: வழி இருக்கிறது. குறுகலான வழி. அது ஏன் குறுகியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய பிரமாணப் பத்திரத்தின் நகலைப் படித்ததும் எனக்கு ஏற்பட்ட வருத்தம் அதைப் பற்றியதுதான்.

ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை ரத்து செய்யக் கோரும் மனுவுக்கு, 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தின் 123-ஆவது இனம் 30 நாள் தருகிறது. அந்த 30 நாள் எங்கிருந்து தொடங்குகிறது என்பதற்கு அதே இனம் இரண்டு விடைகளைச் சொல்கிறது. சம்மன் முறையாகச் சார்பு செய்யப்பட்டிருந்தால், அதாவது உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்டிருந்தால், தீர்ப்பாணையின் தேதியிலிருந்து தொடங்கும். முறையாகச் சார்பு செய்யப்படவில்லை என்றால், தீர்ப்பாணை உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து தொடங்கும். நீங்கள் சொல்வது உண்மையானால் உங்கள் 30 நாள் 2023 ஜூன் 5-இல்தான் தொடங்கியது. நீங்கள் மனுப் போட்டதோ பதினைந்தாம் நாள். அதாவது தாமதமே கிடையாது. முன்னெச்சரிக்கையாகத் தாமத மனுவும் போட்டுவைப்பது நம் ஊர் வழக்கம்தான், அதில் பிழையில்லை. ஆனால் அந்தப் பிரமாணப் பத்திரத்தின் 4-ஆவது பத்தி சம்மன் எனக்கு வரவில்லை என்கிறது. 6-ஆவது பத்தி, மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டு நாட்டு வைத்தியம் செய்துகொண்டிருந்தபடியால் குறித்த வாய்தாவில் ஆஜராக இயலவில்லை என்கிறது. வழக்கே தெரியாதவருக்கு வாய்தா எப்படித் தெரியும்? நீதிபதி இந்த ஒரு முரண்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மனுவைத் தள்ளியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் மஞ்சள் காமாலை கண்டவர்களின் எண்ணிக்கையைப் பிரமாணப் பத்திரங்களை வைத்துக் கணக்கிட்டால் சுகாதாரத் துறை பதறிப்போகும். கணினியில் ஏற்கெனவே இருக்கும் மாதிரியில் பெயரையும் எண்ணையும் மாற்றிக் கையெழுத்து வாங்குவதால் வரும் வினை இது. கையெழுத்துப் போடுகிறவர் படித்துப் பார்த்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.

கீழ்நீதிமன்றத்தில் யாரும் எடுத்துச் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. கொரோனா காலத்தை முன்னிட்டு உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கில், 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் காலவரம்புக் கணக்கிலிருந்து நீக்கியது. அந்த இடைவெளியில் கெடு முடிந்தவர்களுக்கு 2022 மார்ச் 1-இலிருந்து 90 நாள் தரப்பட்டது. உங்கள் தீர்ப்பாணையும் அந்த இடைவெளிக்குள்தான் வருகிறது. ஆகவே சம்மன் சார்பாகிவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும் உங்கள் கெடு 2021 செப்டம்பர் 11 அன்று முடியவில்லை. 2022 மே 29 வரை இருந்தது. 647 நாள் என்று மனுவில் எழுதியதே தப்புக் கணக்கு. அதில் 260 நாள் கழிந்து 387 நாள்தான் நிற்கும். தாமதம் தாமதம்தான் என்றாலும், கேட்கிற நீதிபதிக்கு இரண்டு எண்களும் ஒன்றாக ஒலிக்காது.

இனிச் செய்ய வேண்டியவை. முதலாவது, தள்ளுபடி உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்துவிட்டீர்களா? இல்லையென்றால் இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு நாளைக் காலை நீதிமன்ற நகல் பிரிவுக்குப் போங்கள். நகலின் மீது ஒரு முத்திரை இருக்கும். விண்ணப்பித்த நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டணம் கட்டிய நாள், நகல் தயாரான நாள், நகல் வழங்கிய நாள் என்று வரிசையாகத் தேதிகள் குறிக்கப்பட்டிருக்கும். நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட காலத்தைக் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது என்பது பலருக்குத் தெரியும். கட்டணம் கேட்டு ஒட்டிய பட்டியலைப் பார்க்காமல் நீங்கள் கழித்த நாட்களும், தயாரான நகலை வாங்காமல் மேசையில் கிடக்கவிட்ட நாட்களும் உங்கள் கணக்கில்தான் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. மேல்முறையீட்டுக் கெடு தாண்டிவிட்டது என்று வந்து நிற்பவர்களில் சிலரிடம் அந்த முத்திரையின் கடைசி இரண்டு தேதிகளுக்கு நடுவே மூன்று வாரம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, தாமத மனுவின் தள்ளுபடியை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் உரிமையியல் சீராய்வு மனு (கீழ்நீதிமன்ற உத்தரவின் பிழையைத் திருத்தக் கோரும் மனு) போடலாம். அதற்கு 90 நாள் கெடு. அதற்கு முன் உங்கள் வழக்கறிஞர் மூல வழக்குக் கட்டைப் பார்வையிட்டு, சம்மன் எப்படிச் சார்பானதாகக் காட்டப்பட்டிருக்கிறது என்பதை வரி வரியாகப் பார்க்க வேண்டும். அமீனாவின் அறிக்கையில் கடை பூட்டியிருந்ததால் கதவில் ஒட்டியதாக எழுதியிருந்தால், எந்த நாள், எத்தனை முறை சென்ற பிறகு, யார் சாட்சியாக இருந்தார்கள் என்பவை அதில் உண்டா என்று பார்க்க வேண்டும். தபால் உறை "வாங்க மறுத்தார்" என்ற குறிப்போடு திரும்பியிருந்தால் நிலைமை உங்களுக்குப் பாதகம். மறுத்த தபால் சேர்ந்ததாகவே கருதப்படும். இன்னொரு எச்சரிக்கை: சம்மன் சார்பு செய்ததில் முறைகேடு இருந்தது என்பதற்காக மட்டும் தீர்ப்பாணையை ரத்து செய்யக் கூடாது, விசாரணை நாள் உங்களுக்கு வேறு வழியில் தெரிந்து, ஆஜராக அவகாசமும் இருந்தது என்றால் போதும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9-ஆவது கட்டளை, 13-ஆவது விதியே சொல்கிறது. 2019-இல் அறக்கட்டளையின் மேலாளருக்கு நீங்கள் அனுப்பிய கடிதத்தில் "தாங்கள் தொடுத்த வழக்கு சம்பந்தமாக" என்று ஒரு வரி இருக்கிறதே, எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் நீட்டும். அதற்குப் பதில் தயாராக இருக்கட்டும்.

மூன்றாவது, தீர்ப்பாணையின் மீதே மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம். ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணைக்கு எதிராக ரத்து மனுவும் மேல்முறையீடும் ஆகிய இரண்டு கதவுகளும் திறந்தே இருக்கின்றன என்று பானு குமார் ஜெயின் வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் எந்தக் கதவை முதலில் தட்டுகிறீர்கள் என்பது முக்கியம். மேல்முறையீடு தள்ளுபடியாகிவிட்டால் அதன் பிறகு ரத்து மனு நிற்காது. ரத்து மனு தோற்றாலோ மேல்முறையீட்டுக்கு இடம் உண்டு. ஆனால் ஏன் ஆஜராகவில்லை என்ற கதையை அங்கே மீண்டும் பேச முடியாது, தீர்ப்பு சாட்சியத்துக்கும் சட்டத்துக்கும் பொருந்துகிறதா என்பதை மட்டுமே பேசலாம். ரத்து மனுவுக்காகச் செலவான காலத்தை மேல்முறையீட்டின் தாமதத்துக்குப் போதிய காரணமாக ஏற்கலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், சீராய்வு மனு கைவிட்டால் அந்த வழி மிச்சம் இருக்கும். பின்னால் வேண்டும் என்பதால் எல்லாத் தேதிகளையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

கடைசியாக ஒன்று: சீராய்வு மனு போட்டுவிட்டதாலேயே அமீனா திரும்பி வர மாட்டார் என்று எண்ணாதீர்கள். தடை உத்தரவைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். அதுவரை, தீர்ப்பாணையை நடைமுறைப்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு அதன் பாட்டுக்கு நடக்கும்.

*

கேள்வி: அம்பத்தூரில் 2011 முதல் ஒரு வீட்டில் குடியிருக்கிறேன். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. வீட்டுக்காரர் ஆட்களை அனுப்பி மிரட்டியதால், உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, சட்டப்படி அன்றி என்னை வெளியேற்றக் கூடாது என்று உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) வாங்கினேன். அதிலிருந்து அவர் வாடகை வாங்குவதில்லை. 14 மாதம் ஆயிற்று. இப்போது வாடகை நீதிமன்றத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. கையில்தான் தடை உத்தரவு இருக்கிறதே, அங்கே போக வேண்டியதில்லை என்கிறார் என் மைத்துனர். சரியா?

பதில்: அம்மா, உங்கள் மைத்துனர் சொல்வதைக் கேட்டால் வீடு போய்விடும். உங்களிடம் உள்ள உத்தரவை நிதானமாகப் படியுங்கள். "சட்டப்படி அன்றி" என்ற இரண்டு சொற்களில்தான் அதன் முழுப் பொருளும் இருக்கிறது. ஆட்களை அனுப்புவதையும், பூட்டை உடைப்பதையும், சாமானை வீதியில் எறிவதையும் அந்த உத்தரவு தடுக்கிறது. வீட்டுக்காரர் உரிய நீதிமன்றத்துக்குப் போய் வெளியேற்ற உத்தரவு கேட்பதுதான் சட்டப்படியான வழி. அதை இந்த உத்தரவு தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. இந்த ஒரு உத்தரவை வேலி என்று நம்பி, இன்னொரு நீதிமன்றத்தில் ஒருதலைப்பட்சமாகத் தோற்றுப் போகிறவர்கள் சென்னையில் குறைவில்லை.

1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தின் கீழ் வாதாடிப் பழகிய சொற்களை இதில் பொருத்திப் பார்ப்பது ஆபத்து. வாடகை நீதிமன்றம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஒவ்வொரு படிக்கும் கட்டுப்பட்டதல்ல, இயற்கை நீதியின் அடிப்படையில் விரைவாக விசாரிக்கும். உரிமையியல் வழக்கில் எதிருரைக்கு மூன்று நான்கு வாய்தா வாங்கிய அனுபவத்தை அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் வழக்கில் இரண்டு கண்ணிகள் தெரிகின்றன. ஒன்று, நீங்களே வைத்தது. உறுத்துக்கட்டளை வழக்கின் பிராதில் (வழக்குரையில்) "எங்களுக்குள் எழுத்து வடிவிலான ஒப்பந்தம் ஏதும் இல்லை, எதிரி எழுதித் தர மறுத்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது அது உங்களுக்கு அனுதாபம் தேடித்தரும் வரியாகத் தோன்றியிருக்கும். ஆனால் புதிய சட்டத்தின் 21-ஆவது பிரிவில் வெளியேற்றத்துக்கான காரணங்களில் முதலாவதாக நிற்பதே, முன்பே இருந்துவந்த வாடகை உறவுக்கு இரு தரப்பும் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளத் தவறியது என்பதுதான். வீட்டுக்காரரின் மனு உங்கள் பிராதையே ஆவணமாகக் காட்டுகிறது. ஒரு நீதிமன்றத்தில் எழுதிய வரி இன்னொரு நீதிமன்றத்தில் நம்மை எதிர்த்துச் சாட்சி சொல்லும் என்பதை எழுதும்போது யாரும் நினைப்பதில்லை. ஒப்பந்தம் எழுத நீங்கள் தயாராக இருந்ததற்கும் அவர் மறுத்ததற்கும் அத்தாட்சி ஏதேனும் உண்டா? நீங்கள் அனுப்பிய கடிதம், வாட்ஸ்அப் செய்தி, வாடகை அதிகாரியிடம் கொடுத்த விண்ணப்பம், எதுவாயினும் எதிர்மனுவோடு சேருங்கள். அது முழுத் தற்காப்பு ஆகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் அது இல்லாமல் பேச ஒன்றுமே இருக்காது.

இரண்டாவது கண்ணி அந்த 14 மாதம். அவர் வாங்க மறுத்தார் என்பது வாடகை கட்டாததற்கு விடையாகாது. வாங்க மறுக்கும் வீட்டுக்காரரின் வாடகையைச் செலுத்துவதற்கென்றே துணை ஆட்சியர் நிலையிலுள்ள வாடகை அதிகாரி என்ற அமைப்பைச் சட்டம் வைத்திருக்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, அதைக் கேட்டு வந்த அறிவிப்புக்குப் பின் ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டாவிட்டால் அதுவே வெளியேற்றக் காரணம். உங்களுக்கு அப்படி ஒரு கேட்பு அறிவிப்பு வந்ததா என்று கடிதத்தில் சொல்லவில்லை. வந்து ஒரு மாதம் ஆகவில்லை என்றால் மற்றதை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு அந்தத் தொகையைக் கட்டுங்கள். "அட்வான்ஸில் ஒரு லட்சம் இருக்கிறதே, அதில் கழித்துக்கொள்ளட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அட்வான்ஸ் என்பது காலி செய்யும்போது கணக்குத் தீர்ப்பதற்கு. அவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாதவரை மாத வாடகைக்கு அது ஈடாகும் என்று நம்பி இருக்காதீர்கள்.

நோட்டீஸில் குறித்த நாளில் தவறாமல் ஆஜராகுங்கள். வழக்கறிஞருக்குக் கட்டணம் கட்ட இயலாது என்று எழுதியிருப்பதால் இதையும் சொல்கிறேன்: 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக் குழுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். உத்தரவு உங்களுக்கு எதிராக வந்தால் வாடகைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம் இருக்கிறது. உங்கள் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (வழக்கின் தனி அடையாள எண்ணை) வாங்கி, இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டு, வாய்தா தேதியை நீங்களே பாருங்கள். குமாஸ்தா போன் செய்வார் என்று காத்திருக்க வேண்டாம்.

*

கேள்வி: திருச்சியில் என் கடைக்கு எதிராக வெளியேற்றத் தீர்ப்பாணை வந்தது. மேல்முறையீடு தாக்கல் செய்து எண்ணிடப்பட்டுவிட்டது. அப்படியிருந்தும் நிறைவேற்று மனுவில் நோட்டீஸ் வருகிறது. மேலும், தடை வேண்டும் என்றால் இப்போதைய சந்தை வாடகையைக் கட்டச் சொல்கிறார்கள். நான் கட்டுவது மாதம் 3,500 ரூபாய்; அவர்கள் கேட்பது 25,000. இது நியாயமா?

பதில்: மேல்முறையீடு தாக்கலானதாலேயே தீர்ப்பாணை நின்றுவிடாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41-ஆவது கட்டளை, 5-ஆவது விதி அதை வெளிப்படையாகவே சொல்கிறது. தடை மனுவைத் தனியாகப் போட்டு, வாதாடி, உத்தரவைக் கையில் வாங்கும் வரை கீழ்நீதிமன்றத்துக்கு நிறுத்த வேண்டிய கடமை இல்லை. எதிர்த்தரப்பு கேவியட் (தம்மைக் கேட்காமல் உத்தரவிடக் கூடாது என்ற முன்மனு) போட்டிருந்தால், அது 90 நாள் உயிரோடு இருக்கும், அவர்களுக்கு அறிவிக்காமல் உங்களுக்கு அவசரத் தடையும் கிடைக்காது. அந்த ஒன்றிரண்டு வாரத்தையும் கணக்கில் கொண்டே தாக்கல் செய்ய வேண்டும். நகல் கிடைத்த 29-ஆம் நாள் தாக்கல் செய்கிறவர்களுக்கு இது புரிவதில்லை.

சந்தை வாடகை பற்றிய கோரிக்கை புதிதல்ல. ஆத்மராம் பிராப்பர்ட்டீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இது: வெளியேற்ற உத்தரவு வந்த நாளிலிருந்து நீங்கள் பழைய வாடகைக்கு உரியவர் அல்ல, தடை கேட்டு உள்ளேயே இருக்க விரும்பினால், அந்த இடத்தை வேறொருவருக்கு விட்டால் என்ன கிடைக்குமோ அந்த அளவு தொகையை ஈடாகக் கட்டச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே, "நியாயமா?" என்று கேட்பதை விட்டு, "25,000 என்ற எண்ணுக்கு ஆதாரம் என்ன?" என்று கேளுங்கள். அதே தெருவில், அதே அளவுள்ள கடைகளின் பதிவான வாடகை ஒப்பந்தங்கள் இரண்டு மூன்றைத் தேடிப் பிடித்து வையுங்கள். வெறும் மறுப்போடு நிற்கிற வாடகைதாரருக்கு எதிர்த்தரப்பு சொன்ன எண்ணே நிபந்தனையாக வந்துவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. நிபந்தனை விதித்த பிறகு ஒரு மாதம் தவறினாலும் தடை தானாக விலகும் என்று உத்தரவில் எழுதியிருப்பார்கள், கடைசி வரியைப் படியுங்கள்.

*

கேள்வி: கோவையில் அப்பா பெயரில் இருந்த வாடகைக் கடையை அவர் காலமான பிறகு அண்ணனும் நானும் நடத்துகிறோம். காலி செய்யச் சொல்லும் அறிவிப்பை அண்ணனுக்கு மட்டும் அனுப்பி வழக்கும் நடத்தி முடித்துவிட்டார்கள். எனக்கு அறிவிப்பே இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நான் தனியாக எதிர்க்கலாமா?

பதில்: அந்த ஒரே காரணத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். வாடகைதாரர் இறந்தால் வாரிசுகள் ஆளுக்கொரு பங்காக வாடகைதாரர் ஆவதில்லை, எல்லாரும் சேர்ந்து ஒரே கூட்டு வாடகைதாரர் ஆகிறார்கள். ஆகவே ஒருவருக்குக் கொடுத்த அறிவிப்பு எல்லாருக்கும் கொடுத்ததாகும் என்று எச்.சி. பாண்டே வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அண்ணன் வழக்கை ஒழுங்காக நடத்தித் தோற்றிருந்தால், நிறைவேற்று நீதிமன்றத்தில் தனி உரிமை கோரி நீங்கள் போடும் மனு சில மாதங்களை வாங்கித் தரலாம், அதற்கு மேல் எதிர்பார்ப்பதற்கில்லை. அண்ணனும் கட்டட உரிமையாளரும் கூடிப் பேசிக்கொண்டு உங்களை ஏமாற்றினார்கள் என்று காட்ட ஆதாரம் இருந்தால் கதை வேறு. அதைக் கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை.

*

கேள்வி: சேலத்தில் உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றேன். ஒன்றரை ஆண்டு அவகாசம் கேட்டு, அதற்குள் காலி செய்கிறேன் என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தேன். அதில் 13 மாதம் ஓடிவிட்டது. இப்போது உச்ச நீதிமன்றம் போனால் ஜெயிக்கலாம் என்கிறார் ஒரு நண்பர்.

பதில்: உங்கள் நண்பர் அந்தப் பத்திரத்தைப் பார்த்தாரா? உத்தரவின் பயனாக அவகாசத்தைப் பெற்று அனுபவித்துவிட்டு, அதே உத்தரவைத் தவறு என்று சொல்லிச் சிறப்பு அனுமதி மனு போட வருகிறவரை அரசியலமைப்பின் 136-ஆவது சரத்தின் கீழ் கேட்க வேண்டியதில்லை என்று ஆர்.என். கோசாய்ன் வழக்கில் 1992-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இடையில் தங்கியிருக்கும் ஐந்து மாதத்தில் இடம் தேடுங்கள். பத்திரத்தில் குறித்த நாளைத் தாண்டினால் அது வெறும் நிறைவேற்று மனுவோடு முடியாது, நீதிமன்ற அவமதிப்பாகவும் வரும். எல்லா வழியும் திறந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறவர், அவகாசம் கேட்பதற்கு முன்பே அதை முடிவு செய்ய வேண்டும்.

*

கேள்வி: பாரிமுனையில், பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனத்தின் கட்டடத்தில் என் அலுவலகம் இருக்கிறது. எஸ்டேட் அதிகாரி காலி செய்ய உத்தரவிட்டுக் கதவில் ஒட்டியிருக்கிறார். நகர உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடத் தயாராகிறேன். முப்பது நாள் அவகாசம் இருக்கும் அல்லவா?

பதில்: இல்லை. 12 நாள். அதுவும் உத்தரவு கதவில் ஒட்டப்பட்ட நாளிலிருந்து. பொதுத்துறை நிறுவனங்களின் கட்டடங்கள், வாடகைச் சட்டம் என்ன சொன்னாலும், 1971-ஆம் ஆண்டின் மத்தியப் பொதுக் கட்டடங்கள் வெளியேற்றச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று அசோகா மார்க்கெட்டிங் வழக்கில் 1990-இல் முடிவாகிவிட்டது. அந்தச் சட்டம் உரிமையியல் வழக்கைத் தடை செய்கிறது. நீங்கள் போட வேண்டியது அதன் 9-ஆவது பிரிவின்படி மாவட்ட நீதிபதி நிலையிலான மேல்முறையீட்டு அதிகாரியிடம் மேல்முறையீடு. சென்னையில் அதற்கும் நகர உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போவீர்கள். ஒரே கட்டடம் என்பதால் வழக்கும் மேல்முறையீடும் ஒன்றே என்று நினைத்துவிட வேண்டாம். போதிய காரணம் காட்டினால் 12 நாளுக்குப் பின்னும் ஏற்கலாம் என்று சட்டம் இடம் கொடுத்திருக்கிறது என்றாலும், தவறான வழக்கைத் தயாரித்துக்கொண்டிருந்தேன் என்பது சொல்லிக்கொள்ளும்படியான காரணம் அல்ல. உங்கள் கடிதம் எங்களுக்கு வந்து சேர்ந்தபோதே ஏழு நாள் ஆகியிருந்ததால், இந்தப் பதிலை அச்சுக்கு முன்பே தபாலில் உங்களுக்கு அனுப்பிவிட்டோம்.

*

கேள்வி: டெல்லி கரோல் பாக்கில் 30 ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் தமக்கே வீடு வேண்டும் என்று போட்ட மனுவில் சம்மன் வந்து 18 நாள் ஆகிறது. நான் ஊரில் அம்மாவின் காரியத்தில் இருந்தேன். இனி பதில் மனு போடலாமா?

பதில்: டெல்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 25-ஆ பிரிவில் நேரடியாகப் பதில் மனு போடும் உரிமையே கிடையாது. சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பிரமாணப் பத்திரத்தோடு எதிர்த்து வாதாட அனுமதி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வீட்டுக்காரரின் மனுவில் உள்ளதை நீங்கள் ஒப்புக்கொண்டதாகக் கருதி உத்தரவிடப்படும். அந்த 15 நாளை நீட்டிக்க வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு அதிகாரமில்லை என்று பிரிதிபால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. துக்க காரியம் என்பதும் அங்கே எடுபடாது. மேல்முறையீடும் இல்லை, உயர்நீதிமன்றத்தில் சீராய்வு மட்டுமே உண்டு.

ஆகவே உங்களுக்கு எஞ்சியிருப்பது ஒரே கேள்வி: சம்மன் உண்மையில் எந்த நாளில், யார் கையில் கிடைத்தது? சட்டம் சொல்லும் குறிப்பிட்ட படிவத்தில் இருந்ததா? நீங்கள் ஊரில் இருந்தபோது கதவில் ஒட்டியதாகச் சொல்கிறார்களா, வீட்டில் வேறு யாரேனும் கையெழுத்திட்டு வாங்கினார்களா? ரயில் பயணச்சீட்டு, ஊரில் காரியம் நடந்ததற்கான அத்தாட்சி ஆகியவற்றோடு இன்றே அங்குள்ள வழக்கறிஞரைப் பாருங்கள். எதுவும் பலிக்காவிட்டாலும், தமக்கே வேண்டும் என்ற காரணத்தில் பிறந்த உத்தரவை ஆறு மாதம் முடியும் வரை நிறைவேற்ற முடியாது என்று அதே சட்டத்தின் 14-ஆவது பிரிவு சொல்கிறது. பிள்ளைகளின் பள்ளி ஆண்டு பாதியில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள், அந்த ஆறு மாதம் தேர்வு முடியும் வரை போதுமானதாக இருக்கும்.